காரில் படுத்துறங்க எந்த ஏரிப் பக்கம் போவது? அல்கொங்குவின், கிலார்னி, சுப்பீரியர்

ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. பின் சீற்றை மடித்தால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கக்கூடிய வாகனம் வாசலில் நிற்கிறது. ரொறன்ரோவில் இருந்து வெளிக்கிட்டு ஏரியும் காடுமாகச் சுற்றி வரவேண்டும். ஹோட்டல் வேண்டாம், ஒவ்வொரு நாளும் கூடாரம் அடித்துப் பிடுங்குகிற வேலையும் வேண்டாம். இப்படி நினைக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: அல்கொங்குவினா, கிலார்னியா, இல்லை துணிந்து சுப்பீரியர் ஏரிக்கரை வரைக்கும் போய்விடுவதா?

மூன்று இடத்திலும் காருக்குள் படுத்திருக்கிறேன். மூன்றும் வடிவான இடங்கள், அதில் சண்டை இல்லை. ஆனால் எது வடிவு என்று தொடங்கினால் இரவு முழுக்கப் படம் பார்த்துக்கொண்டு இருக்கலாம், முடிவு வராது. அதைவிட இப்படிக் கேட்டுப் பாருங்கள்: காலையில் காரை எடுத்தால், பின்னேரம் அதே இடத்துக்குத் திரும்பி வரப்போகிறீர்களா?

ஏன் இந்தக் கேள்வி என்றால், உள்ளே படுக்கை போட்டவுடன் கார் வீடாகிவிடுகிறது. கூடாரம் அடித்தவருக்கு நடைபாதை தொடங்கும் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் கார்த் திறப்பு மட்டும் போதும். காரில் படுத்தவர் வீட்டையே கிளப்ப வேண்டும். அடுப்பு, கதிரை, கொடியில் காயப்போட்ட துவாய், குளிர்பெட்டி என்று எல்லாவற்றையும் ஏற்றி, பத்துக் கிலோமீற்றர் போய், இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வந்து, திரும்ப எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஒரு நாள் செய்யலாம். மூன்றாம் நாள் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கமுடியாது. ஒவ்வொரு இரவும் வேறு இடம் என்றால் கதை வேறு. எப்படியும் ஏற்றத்தான் வேண்டும், அப்போது கூடாரக்காரர் ஈரத் துணியை உருட்டிக்கொண்டு நிற்கும்போது நீங்கள் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பீர்கள்.

காசு மிச்சமா?

இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பலர் காரில் படுப்பது இலவசம் என்று நினைத்துத்தான் தொடங்குகிறார்கள். ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் இரவு தங்குவதற்கு சைற், அதாவது முகாமில் ஓர் இடம், எடுக்கவேண்டும். பகல் அனுமதிச்சீட்டை வைத்துக்கொண்டு நடைபாதை வாசலில் உள்ள தரிப்பிடத்தில் படுக்க முடியாது, இரவில் வந்து தட்டுவார்கள். எடுத்த சைற்றில் கூடாரத்தில் படுத்தாலும் காரில் படுத்தாலும் கட்டணம் ஒன்றுதான். இரவுக்கு ஐம்பது டொலர் என்று கணக்கில் போட்டு வையுங்கள். முன்பதிவு, போகும் திகதிக்கு ஐந்து மாதம் முன்னால், காலை 7 மணிக்குத் திறக்கும். ஓகஸ்ட் வார இறுதிக்கு நல்ல சைற் வேண்டுமென்றால் மார்ச் மாதத்தில் பல்லு விளக்காமல் கணினிக்கு முன்னால் குந்தவேண்டும்.

உண்மையான இலவசம் என்றால் அது அரச காணிதான். கனடாவில் வசிப்பவர்கள் அதில் ஒரே இடத்தில் வருடத்துக்கு 21 நாள் வரைக்கும் காசு கொடுக்காமல் தங்கலாம். மாகாண அரசின் காணிப் பயன்பாட்டு வரைபடம் இணையத்தில் இருக்கிறது, எது அரச காணி, எது தனியார் காணி, எங்கே தடை என்று அதில் பார்க்கலாம். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: யாழ்ப்பாணத்தில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்திருக்கும் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், பிரெஞ்ச் ஆற்றுக்கும் மத்தாவா ஆற்றுக்கும் வடக்கே அவர்களுக்கு அரச காணியில் தங்க அனுமதிச்சீட்டு வேண்டும். கனடாவில் வசிக்காதவர்களுக்குப் பொதுவாக அது பொருந்தும்.

இந்த அரச காணி விஷயத்திலேயே மூன்று பாதைகளும் பிரிந்துவிடுகின்றன. அல்கொங்குவினுக்குள் 60ஆம் நெடுஞ்சாலையில் போனால் நீங்கள் முழுக்க முழுக்கப் பூங்காவுக்குள். கிலார்னியோடு சேர்த்துப் போகிற மனிற்றூலின் தீவில் பெரும்பாலும் தனியார் காணியும் முதற்குடியினரின் நிலமும். சுப்பீரியர் பக்கம், பூங்கா எல்லையைத் தாண்டினால் அரச காடு கிடக்கிறது கிடக்கிறது, முடிவே இல்லை.

அல்கொங்குவின்

கிட்ட இருப்பது இதுதான். ரொறன்ரோவில் இருந்து மூன்று மணி நேரத்தில் மேற்கு வாசல். 1893 இல் தொடங்கிய பூங்கா, ஒன்ராறியோவின் முதல் மாகாணப் பூங்கா, 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு, ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். இதில் காரில் பார்க்கக்கூடியது தெற்கே 60ஆம் நெடுஞ்சாலை பூங்காவை வெட்டிக்கொண்டு போகும் 56 கிலோமீற்றர் மட்டும். மற்றதெல்லாம் வள்ளம் வலிப்பவர்களுக்கு.

அந்த 56 கிலோமீற்றரைக் குறைவாக எண்ண வேண்டாம். மேற்கு வாசலில் இருந்து கிலோமீற்றர் எண்ணிக்கொண்டு போகலாம். 14 இல் கனூ லேக், 1917 இல் ஓவியர் ரொம் தொம்சன் இறந்த ஏரி. 30 தாண்டியதும் மியூ லேக். 40க்குக் கிட்ட லுக்அவுட் நடைபாதை. இரண்டு கிலோமீற்றர்தான், ஆனால் மூச்சு வாங்கும், மேலே பாறை விளிம்பில் நின்றால் காலுக்குக் கீழே முழுக்க மரத்தின் தலைகள். 43 இல் பார்வையாளர் நிலையம். மே, ஜூனில் விடியப்புறம் மெதுவாக ஓடினால் வீதியோரத்துச் சதுப்பில் மூஸ் என்ற, மான் இனத்துப் பெரிய விலங்கு நிற்கக் காணலாம். குளிர்காலத்தில் வீதியில் கொட்டிய உப்பு வடிந்து அந்தத் தண்ணீரில் சேர்ந்திருக்கும், உப்புக்கு அலைகிற மூஸ் அதைக் குடிக்க வரும். ஓகஸ்ட் வியாழக்கிழமைகளில் ஓநாய்க் கூட்டம் கிட்ட இருப்பது தெரிந்தால், பூங்கா ஊழியர்கள் நூற்றுக்கணக்கான கார்களை வரிசையாக நிறுத்தி, இருட்டில் ஓநாய் போல ஊளையிட்டுப் பதில் கேட்க வைப்பார்கள். 1963 இல் இருந்து நடக்கிறது. எனக்கு அன்று பதில் கிடைக்கவில்லை. பின்னால் நின்ற காரில் ஒரு குழந்தை மட்டும் ஊளையிட்டது.

இப்போது பிரச்சினை. எல்லாம் ஒரே வீதியில், பத்துப் பதினைந்து கிலோமீற்றர் இடைவெளியில். ஒரு சைற்றை எடுத்து அங்கேயே மூன்று இரவு இருந்து, பகலில் இங்கும் அங்கும் போய் வருவதுதான் இந்தப் பூங்காவின் முறை. நான் முதலில் சொன்ன வீட்டைக் கிளப்புகிற தொல்லை இங்கேதான் உச்சம். நாள் ஒன்றுக்கு மூன்று தடவை. கிளம்பும்போது சைற் வெறுமையாகக் கிடக்கும், வேறு யாரும் வந்து காரை விட்டுவிடக் கூடாது என்று ஒரு கதிரையையும் தார்ப்பாய் ஒன்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டி இருக்கும். அங்கே படுக்கையைக் கூடாரத்தில் போடுவதுதான் புத்தி.

விதிவிலக்கு இரண்டு உண்டு. ஒன்று, மே நடுப்பகுதியில் இருந்து ஜூன் முடியும் வரைக்கும். அது கறுத்த ஈயின் காலம், அது மெலிய நுளம்பு சேரும். கறுத்த ஈ காதுக்குப் பின்னால், மயிர்க் கோட்டில், காற்சட்டை விளிம்பில் கடிக்கும். கடித்தது தெரியாது, இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். அந்த நாட்களில் உலோகக் கதவை அறைந்து சாத்துவதைப் போல் ஒரு சுகம் வேறு இல்லை. மற்றது குளிர் தொடங்கிய பிறகு. மியூ லேக் முகாம் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஒக்ரோபர் பிற்பகுதியில் மேப்பிள் எல்லாம் கொட்டி, ஊசியிலை மரமான ரமராக் மட்டும் மஞ்சளாக நிற்கும்போது, சனமும் இல்லை, பூச்சியும் இல்லை. அப்போது காரில் ஒரு இரவு நல்லது.

செப்டெம்பர் கடைசி வாரத்து மேப்பிள் சிவப்பைப் பார்க்கத்தான் எல்லோரும் அல்கொங்குவின் போகிறார்கள். வார நாளில் போங்கள். வார இறுதியில் பகல் அனுமதிச்சீட்டே முடிந்துவிடும், மரத்தைவிடக் காரைத்தான் பார்ப்பீர்கள்.

கிலார்னியும் மனிற்றூலினும்

ரொறன்ரோவில் இருந்து நாலரை ஐந்து மணி நேரம். 69ஆம் நெடுஞ்சாலையில் சட்பரிக்குப் போகும் வழியில் 637 என்ற வீதிக்குத் திரும்பி, காட்டுக்குள் 67 கிலோமீற்றர். வழியில் பெற்றோல் கிடைக்கும் என்று நம்பவேண்டாம், திரும்புவதற்கு முன்னால் அடித்துக்கொள்ளுங்கள்.

கிலார்னியின் வடிவு வேறு மாதிரி. லா குளோஷ் மலைகள் வெள்ளைக் குவார்ட்சைற் பாறை. தூரத்தில் இருந்து பார்த்தால் கோடையில் பனி கிடக்கிறதோ என்று நினைப்பீர்கள். ஏரிகள் நம்பமுடியாத நீலம், அடி தெரியும் தெளிவு. அந்தத் தெளிவுக்குப் பின்னால் ஒரு சோகக் கதையும் இருக்கிறது: சட்பரியின் உலோக ஆலைப் புகை அமில மழையாகப் பெய்து, பல ஏரிகளில் மீனும் பாசியும் அழிந்துபோயின. ஆலைகள் புகையைக் குறைத்த பிறகு மெதுவாகத் தேறி வருகின்றன. அதற்கும் முன்னால் மரம் வெட்டவிருந்த ஓர் ஏரிக்கரையைக் காப்பாற்றியது ஓவியர்கள். ஏ. வை. ஜாக்சனும் ஒன்ராறியோ ஓவியர் சங்கத்தினரும் போராடினார்கள். அந்தச் சங்கத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து இன்று அந்த ஏரிக்கு ஓஎஸ்ஏ ஏரி என்று பெயர். பூங்கா 1964 இல் வந்தது.

காரில் படுப்பவருக்கு இங்கே ஒரே ஒரு இடம், ஜோர்ஜ் லேக். பூங்கா பெரியது, ஆனால் காரோடு தங்கும் முகாம் அது ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் கிலார்னி இல்லை, அவ்வளவுதான். கிடைத்தால் அல்கொங்குவினைவிட இது காருக்கு வசதி, ஏனென்றால் காரைத் தொட வேண்டியதில்லை. கடற்கரை மாதிரி மணல், வாடகை வள்ளம், நல்ல நடைபாதைகள் எல்லாம் முகாமில் இருந்து நடக்கும் தூரத்தில். படுக்கை போட்டபடி கிடக்கும். பாறைப் பிளவுக்குள் ஏறிப் போகும் த கிராக் என்ற ஆறு கிலோமீற்றர் நடைக்கு மட்டும் கொஞ்சத் தூரம் ஓடவேண்டும். அது ஏறுவதற்குக் கடினம், மழை பெய்த அன்று வேண்டாம். முழங்கால் நோ உள்ளவர்களும் யோசியுங்கள்.

ஆனால் ஐந்து நாளும் ஜோர்ஜ் லேக்கிலேயே இருப்பது என்றால் பிறகு ஏன் காரில் படுக்கவேண்டும்? அதனால் இதை மனிற்றூலினோடு சேர்த்து ஒரு வட்டமாகப் போடுவதுதான் சரி. கிலார்னியில் இரண்டு இரவு. பிறகு சட்பரி, எஸ்பனோலா வழியாக 6ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்குங்கள். அதே வெள்ளை மலைகளை அந்த வீதி குறுக்கே வெட்டுகிறது, நடக்காமலே முன் கண்ணாடியில் பார்க்கலாம். தீவுக்குள் நுழைவது லிற்றில் கறன்ற் என்ற ஊரில் உள்ள, 1913 இல் கட்டிய ஒற்றைப் பாதைச் சுழல் பாலத்தால். கோடையில் பகல் நேரம் மணிக்கு ஒரு தடவை படகுகளுக்காகப் பாலம் பக்கவாட்டில் திரும்பிவிடும், கால் மணி நேரம் எல்லோரும் இறங்கி நிற்க வேண்டியதுதான். அவசரக்காரர் அந்த நேரம் பார்த்து வரக்கூடாது.

மனிற்றூலின் 2,766 சதுர கிலோமீற்றர், உலகில் ஏரிக்குள் இருக்கும் தீவுகளில் பெரியது. அந்தத் தீவுக்குள்ளும் நூறுக்கு மேல் ஏரிகள். சனம் குறைவு, இரவில் நட்சத்திரம் கொட்டும். படுப்பதற்குத் தனியார் முகாம்கள்தான். பெரும்பாலானவை பெரிய வீட்டு வண்டிகளுக்காக அமைத்தவை, அவற்றுக்கு நடுவில் உங்கள் சின்னக் கார் தொலைந்துபோன மாதிரி நிற்கும். திரும்பும்போது சவுத் பேமவுத்தில் இருந்து சீச்சிமான் கப்பலில் காரை ஏற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ரொபமோரி. போன வழியே திரும்பாமல் வீடு வந்து சேரலாம். கப்பல் மே முதல் ஒக்ரோபர் வரைக்கும்தான், கோடையில் இடம் முன்கூட்டியே எடுக்கவேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மூன்றிலும் இதைத்தான் சொல்வேன், அந்தக் கப்பலுக்காகவே.

சுப்பீரியர்

என் ஓட்டு இதற்கு. ஆனால் ஒரு நிபந்தனையோடு: குறைந்தது ஐந்து நாள் வேண்டும். நாலு நாளில் போனால் வண்டி ஓட்டியதுதான் ஞாபகம் இருக்கும்.

ரொறன்ரோவில் இருந்து சூ சென் மரி (சுருக்கமாகச் சூ) என்ற ஊர் ஏறக்குறைய 700 கிலோமீற்றர். அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது. 17ஆம் நெடுஞ்சாலை வடக்கே வாவா வரைக்கும் 225 கிலோமீற்றர் அளவுக்கு ஏரியின் விளிம்பில் ஏறி இறங்கி ஓடுகிறது. அந்த இடத்தில் வீதி போடுவது அவ்வளவு கஷ்டமாக இருந்ததால் 1960 இல்தான் அது திறந்தது. அதுவரை வாவாவுக்குத் தெற்கே இருந்து வீதியே இல்லை. திறந்த கையோடு, வழிப்போக்கர்கள் ஊரைக் கவனிக்காமல் ஓடிவிடக் கூடாது என்று வாவாக்காரர் ஒரு பெரிய வாத்துச் சிலையை வைத்தார்கள். இன்றும் எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கிறார்கள், ஆகவே வேலை செய்கிறது.

ஏரி என்று சொல்லப் பழகிவிட்டோம், கரையில் நின்றால் அது கடல். 82,000 சதுர கிலோமீற்றருக்கு மேல், பரப்பில் உலகத்தின் பெரிய நன்னீர் ஏரி. ஆழமான இடத்தில் 406 மீற்றர். வருடச் சராசரி நீர் வெப்பம் 4 பாகைக்குக் கிட்ட. கதரின் கோவ் என்ற ஆழமில்லாத மணல் குடாவில் மட்டும் ஓகஸ்டில் பிள்ளைகள் நிம்மதியாகக் குளிக்கலாம். மற்ற இடத்தில் முழங்கால் வரைக்கும் இறங்கி, ஐந்து எண்ணுவதற்குள் வெளியே வந்துவிடுவீர்கள். 1975 நவம்பர் 10 இல் எட்மண்ட் பிற்ஸ்ஜெரல்ட் என்ற சரக்குக் கப்பல் இந்த ஏரியின் புயலில் 29 பேரோடு மூழ்கியது. பான்கேக் பே பூங்காவில் மேட்டுக்கு ஏறினால் அந்தப் பக்கத்துத் தண்ணீரைப் பார்க்கலாம். அமைதியான நாளில் நம்பவே முடியாது.

இங்கே பகல் முழுவதும் முன்னோக்கியே போகிறீர்கள். நான் போடும் ஒழுங்கு இது. முதல் நாள் அரைவாசித் தூரம் தாண்டி மாசீ என்ற சின்ன ஊரில் உள்ள ஷூட்ஸ் பூங்காவில் படுக்கை. முகாமுக்கு உள்ளேயே அருவி. இரண்டாம் நாள் சூவைத் தாண்டி, பான்கேக் பேயில் மத்தியானம் சமைத்துச் சாப்பிட்டு, பின்னேரம் சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவின் அகவா பே. மூன்றாம் நாள் அகவா பாறை, ஓல்ட் வுமன் பே, வாவா. அன்று இரவு ராபிற் பிளாங்கற் லேக் முகாமில், அல்லது வாவாவைச் சுற்றி உள்ள அரச காட்டில். நாலாம் நாள் திரும்பத் தொடங்கி, பான்கேக் பேயிலோ திரும்ப ஷூட்ஸிலோ ஒரு இரவு. ஒரு நாள் கூட இருந்தால் இன்னும் மேலே புகாஸ்க்வா தேசியப் பூங்கா. ஐந்தே நாள் என்றால் அதைத் தொடாதீர்கள்.

அகவா பாறையைப் பற்றி ஒன்று. செங்காவியில் ஒஜிப்வே மக்கள் தீட்டிய படங்கள் தண்ணீர் விளிம்பில் செங்குத்துப் பாறையில் இருக்கின்றன. கொம்பு வைத்த, முதுகெல்லாம் முள் நிற்கும் மிஷிபேஷு என்ற நீர்ப்பூனையின் உருவம்தான் பெயர் பெற்றது. பாறையின் அடியில் சரிவான ஒரு விளிம்பில் நின்றுதான் பார்க்கவேண்டும், அலை அடித்தால் அந்த விளிம்பு நனைந்து வழுக்கும், போக விடமாட்டார்கள், போகவும் கூடாது. முதல் தடவை நான் போன அன்று காற்று. அடுத்த நாள் விடிய ஏழு மணிக்கு ஏரி எண்ணெய் மாதிரிக் கிடந்தது, என்னையும் இன்னொரு கிழவனையும் தவிர யாரும் இல்லை. முகாமில் கூடாரம் பிடுங்கிக்கொண்டு இருந்திருந்தால் அந்த ஏழு மணி எனக்குக் கிடைத்திருக்காது. கண்ணைக் கசக்கிக்கொண்டு முன் சீற்றுக்கு மாறி, திறப்பைத் திருப்பியதுதான்.

காரில் படுப்பவருக்கு இங்கே இன்னும் இரண்டு நன்மை. அகவா பே முகாம் கடற்கரையோடு நீளமாகக் கிடக்கிறது, ஆனால் நெடுஞ்சாலையும் அதே நீளத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. இரவு முழுக்கப் பாரவண்டிகள். கூடாரத் துணிக்குள் அது தலைக்கு மேலால் போகிற மாதிரி, காருக்குள் பாதிச் சத்தம். மற்றது காற்றும் குளிரும். ஓகஸ்ட் முடியும்போதே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் இரவுகள் உண்டு, ஏரிக் காற்று கூடாரத்தை விடிய விடிய அடிக்கும்.

தீமைகளையும் சொல்லவேண்டும். பெரும்பாலான தூரத்துக்குக் கைபேசி வேலை செய்யாது, வரைபடத்தை முன்னரே இறக்கி வையுங்கள். அரைத் தாங்கிக்குக் கீழே பெற்றோலை விடாதீர்கள். பொழுது பட்ட பிறகு ஓடாதீர்கள்: மூஸின் கால் உயரம், உடம்பு முன் விளக்கு வெளிச்சத்துக்கு மேலே நிற்கும், கண்ணும் மான் மாதிரி மினுங்காது, அடித்தால் நேரே கண்ணாடிக்குள் வந்து விழும். மின்காரில் போகிறவர்கள் சூவுக்கு வடக்கே மின்னேற்றும் இடங்களின் இடைவெளியைக் கணக்குப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள், குளிரில் ஓடும் தூரம் குறையும்.

காருக்குள் நடப்பது

எந்தப் பாதையானாலும் வீட்டு வாசலில் ஒரு இரவு படுத்துப் பாருங்கள். அயலவர் சிரிக்கட்டும். மினிவானில் சீற்றைத் தரைக்குள் மடக்கலாம், தட்டையாக இருக்கும், இரண்டு பேருக்குத் தாராளம். எஸ்யூவியில் மடித்த சீற் பெரும்பாலும் தலைப்பக்கம் நாலு விரல் உயர்ந்து நிற்கும், முன் சீற்றுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பள்ளம் வரும். அந்தப் பள்ளத்தில் உடுப்புப் பையை அடைத்தால் தலையணைக்கு இடம் கிடைக்கும். செடானில் ஒருவர் படுக்கலாம், காலை டிக்கிக்குள் விட்டு. இரண்டு பேர் என்றால் அன்பு நிறைய வேண்டும்.

அகவா பேயில் முதல் இரவு குளிர் என்று எல்லா யன்னலையும் இறுக்கிச் சாத்திக்கொண்டு படுத்தோம். விடிய மூன்று மணிக்கு நெற்றியில் ஒரு துளி விழுந்தது. மழை என்று நினைத்துக் கையை மேலே நீட்டினேன், கூரைத் துணி நனைந்திருந்தது. கண்ணாடியில் விரல் வைத்தால் கோடாக வழிந்தது. எல்லாம் எங்கள் மூச்சு. இரண்டு பேர் விடும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. அடுத்த இரவு எதிரெதிர் யன்னல் இரண்டை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, வெளிப்பக்கம் நுளம்பு வலையைக் காந்தத்தால் ஒட்டினோம். குளிர் கொஞ்சம் கூடத்தான், ஆனால் போர்வை காய்ந்து கிடந்தது. கண்ணாடியின் உட்பக்கத்துக்குக் குமிழ்த்தாள் வெள்ளிப் பாயை அளவாக வெட்டிச் செருகினால் குளிருக்கும் மறைப்புக்கும் இரண்டுக்கும் உதவும்.

குளிர் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நித்திரை கொள்ளாதீர்கள், உள்ளே அடுப்பும் மூட்டாதீர்கள். காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, ஆளை எழுப்பாது. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும்: வாகனத்தைப் போட்டபடி விட்டால் பற்றரி இறங்கும்போது எஞ்சின் தானாகவே தொடங்கிவிடும். குளிருக்கு நல்ல உறக்கப் பையும் கீழே தடித்த மெத்தையும்தான் மருந்து.

அப்புறம் இந்த எச்சரிக்கை மணி. மியூ லேக்கில் இரவு படுக்கும்போது பழக்கதோஷத்தில் திறப்பின் பொத்தானை அமத்திக் கதவைப் பூட்டினேன். இரண்டு மணிக்கு மனைவி கழிப்பறைக்குப் போக உள்ளிருந்து கதவைத் திறந்தார். முகாம் முழுக்க எழும்பிவிட்டது. இருட்டில் திறப்பைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் சென்றிருக்கும், பக்கத்து சைற்காரருக்கு அது ஒரு மணி நேரம். கதவின் உட்பக்கப் பொத்தானால் பூட்டினால் பெரும்பாலான கார்களில் மணி விழிக்காது, உங்கள் காரில் எப்படி என்று வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கரடி விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம். கூடாரத்தில் படுப்பவர்கள் சாப்பாட்டைக் காருக்குள் வைத்துப் பூட்டுவதுதான் இந்தப் பூங்காக்களின் வழமை. நீங்கள் அந்தக் காருக்குள்ளேயே படுக்கிறீர்கள், அதுவும் யன்னலை இரண்டு விரல் திறந்துவிட்டு. ஆகவே கருவாடு, மீன் குழம்பு, பொரியல் எண்ணெய் ஆகியவை இந்தப் பயணத்துக்கு வேண்டாம். கறுப்புக் கரடியின் மூக்குக்கு அது அழைப்பிதழ். புட்டு, பாண், பருப்பு, சம்பல் போதும். எல்லாம் இறுக்கி மூடும் பெட்டியில், சட்டியைக் கழுவாமல் படுக்கக் கூடாது. விறகையும் வீட்டில் இருந்து கொண்டு போகாதீர்கள், மரத்தைக் கொல்லும் வண்டு அதோடு போய்விடும், முகாமில் வாங்குங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். நெருப்புப் பக்கத்தில் இரண்டு பியர் குடித்துவிட்டு ஓட்டுநர் சீற்றைச் சாய்த்துத் தூங்குவதைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. கனடாவின் சட்டத்தில் வெறியோடு ஓடினால் மட்டும் குற்றமில்லை, நிற்கும் வாகனம் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதும் குற்றமாகலாம். காரில் படுக்கிற இரவு குடிக்காமல் இருப்பது நல்லது.

யாருக்கு எது

மூன்று நாள்தான் லீவு என்றால் அல்கொங்குவின், ஆனால் கூடாரத்தையும் எடுத்துப் போங்கள், காரைப் பூச்சிக்கும் மழைக்கும் ஒதுங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு நாலைந்து நாள் என்றால் கிலார்னி, மனிற்றூலின், கப்பல். ஜோர்ஜ் லேக் கிடைக்காவிட்டால் திகதியை மாற்றுங்கள், மாற்றமுடியாவிட்டால் பாதையை மாற்றுங்கள். இரண்டு பேர், ஐந்து நாளோ அதற்கு மேலோ, வண்டி ஓடுவதில் அலுப்பில்லை என்றால் சுப்பீரியர். ஓடுவது ஒருவர் மட்டும் என்றால் சுப்பீரியரை ஏழு நாளுக்கு நீட்டுங்கள்.

நாங்கள் இந்த முறை செப்டெம்பர் மூன்றாம் வாரத்துக்கு அகவா பேயில் இரண்டு இரவு எடுத்திருக்கிறோம், ஏப்ரலில் காலை ஏழு மணிக்குக் குந்தியிருந்து. மூன்றாவது இரவுக்கு ஒன்றும் எடுக்கவில்லை. வாவாவுக்குப் பக்கத்தில் வரைபடத்தில் ஒரு மரம் வெட்டும் பாதையும் அதன் நுனியில் பெயரில்லாத ஒரு ஏரியும் தெரிகிறது. பாதை எங்கள் காருக்குச் சரிவருமா என்று போய்த்தான் பார்க்கவேண்டும்.